வாயு மூலையும் ஆடிக் காற்றும்

நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில் நாற்றம் என்று கூப்பிட்டால், அது எந்த நாற்றம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பிளம்பருக்கு முதல் வேலை. கோழிப்பண்ணை எருவிலிருந்து வருவது அமோனியா. நெடி கண்ணைக் கரிக்கும். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் எங்காவது தேங்கி நின்றால் முதலில் புளித்த மாவு வாடை, பிறகு அழுகல். செப்டிக் டேங்க் வாயு இரண்டிலும் சேராது. கெட்டுப்போன முட்டையின் வாடை அதற்கு. காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. காட்டுக்கு அப்பால் பண்ணைக் கொட்டகை தெரிகிறது என்பதற்காகப் பழி முழுவதையும் அதன்மேல் போட்டுவிட்டு, சொந்த வீட்டுக் குழாய் கக்கும் வாயுவை வருஷக்கணக்கில் சகித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய.

ராசிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு வீட்டிலும் அதுதான் நிலைமை. வீட்டுக்காரருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. கீழ்வீடு பழையது, மேல்வீடு பிற்பாடு எழுப்பியது. அவர் மனைவி விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

“ஏனுங்ணா, எப்பவும் நாறுனா ஏதோ கழுவலைன்னு வெச்சுக்கலாமுங்க. இது ஆடி பொறந்தாத்தான் வருது. அதுவும் சாயந்திரம் அடுப்புக்கிட்ட நின்னாத்தான் வருது. பாத்ரூமைவிடச் சமையக்கட்டுலதான் சாஸ்தி. ஆசிட் ஊத்தியாச்சு, பினாயில் ஊத்தியாச்சு, ஒண்ணும் கேக்கல.”

திண்ணையில் இருந்த மாமியார் குறுக்கிட்டார். “தம்பி, தொட்டி வாயு மூலையிலதான் இருக்குது. மனையடி பாக்கறவர் வந்து சொல்லித்தான் வெச்சோம். அப்பறம் எப்படி நாறும்?”

பாதி விடை இந்த இரண்டு பேச்சிலேயே இருந்தது. ஆடியில் மட்டும் என்றால் காற்றின் திசை. சாயந்திரம் சமையல் நேரம் என்றால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று இழுக்கிறது. வடமேற்கு மூலையில் தொட்டி என்றால் மேல்காற்று தொட்டியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறது.

முதலில் ஆசிட்டை நிறுத்தச் சொன்னேன். தொட்டிக்குள் கழிவைக் கரைப்பவை காற்றே வேண்டாத பாக்டீரியாக்கள். ஆசிட்டும் பினாயிலும் அளவு மீறிப் போனால் அவை செத்துவிடும். அப்புறம் தொட்டி வெறும் குழிதான். அடுத்து, குளியலறைகளில் தரையில் இருக்கும் நஹானி டிராப்களைப் பார்த்தேன். குழாயின் வளைவுக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் வீட்டுக்கும் சாக்கடை வாயுவுக்கும் நடுவில் உள்ள ஒரே கதவு. லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-ல் காப்புரிமை வாங்கிய கழிப்பறையில் இந்த வளைவு இருந்தது. இன்றைக்கு நாம் வாங்கும் பீங்கானிலும் தத்துவம் அதேதான். சேலம், நாமக்கல் வெயிலில் ஆள் புழங்காத குளியலறையைப் பூட்டிப் போட்டால் சித்திரை வைகாசியில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் வற்றிப்போகும், நாற்றம் வரும், ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இங்கே டிராப்களில் தண்ணீர் இருந்தது. ஆனால் மேல்மாடியில் ஃபிளஷ் செய்தபோது பக்கத்து நஹானி டிராப் களகளவென்று சத்தம் போட்டு, நின்ற தண்ணீரில் பாதியை இழுத்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தவே கூடாது. கழிவு நீர் குழாயில் மொத்தமாக இறங்கும்போது அதன் பின்னால் காற்று வந்தாக வேண்டும். மேலே திறந்த வாய் இருந்தால் அங்கிருந்து வரும். இல்லையென்றால் பக்கத்து டிராப்பின் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். வெளியே போய்ப் பார்த்தால், வடக்குச் சுவர் ஓரமாக ஏறும் நாலு இஞ்ச் குழாய் மேல்வீட்டுக் கழிப்பறை இணைப்போடு முடிந்திருந்தது. தலையில் ஒரு மூடி. மேல்வீடு கட்டியபோது அதற்கு மேல் ஒரு முழம்கூட யாரும் ஏற்றவில்லை.

“அப்ப தொட்டி வாயு வெளிய போற ஏர் பைப் எங்கதான் இருக்குது?” என்று கேட்டேன். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள்.

மாடிப்படி முடியும் ஹெட்ரூம் தென்மேற்கு மூலையில். அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இதே அமைப்புதான். ஹெட்ரூமின் கதவு கிழக்கே பார்த்துத் திறக்கிறது. கதவிலிருந்து நாலடி தள்ளித் தளத்தைத் துளைத்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய் நின்றது. தலையில் கவுல் என்கிற தொப்பி மூடி இல்லை, வலை இல்லை. அதைச் சுற்றித்தான் அந்த வீட்டில் வடாம் காயவைப்பார்கள்.

சாயந்திரம் வரை காத்திருந்தேன். காற்றைப் பார்க்க ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள் உண்டு. ஏர் பைப் வாய்ப் பக்கம் அதைச் செய்யவே கூடாது, வருகிற வாயுவில் மீத்தேனும் இருக்கிறது. ஒரு மூங்கில் கழியில் பாலித்தீன் நாடா கட்டிப் பிடித்தேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நாடா கிழக்கு நோக்கி நீட்டமாகப் பறந்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கோவை, திருப்பூர், கரூர் என்று வரும் காற்று அது. சேலம் நகரத்துக்குள் நாகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று நாலு பக்கமும் மலை இருப்பதால் காற்று தெருவுக்குத் தெரு திரும்பும். நாமக்கல் சமவெளியில் அப்படி இல்லை. ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் நேராக வந்து மோதும்.

அதே நாடாவை ஹெட்ரூமுக்குப் பின்னால், அந்தக் குழாய்க்கு மேலே பிடித்தேன். கிழக்கே பறக்கவில்லை. தரையை நோக்கித் தொங்கி, பிறகு எதிர்த் திசையில், கதவைப் பார்த்துத் திரும்பியது. காவிரி ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துத் திரும்புவதைப் பரமத்தி வேலூர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் காற்றும் அதையேதான் செய்கிறது. முழங்கால் உயரத்தில் வெளிவந்த வாயு மேலே போக வழியில்லாமல் அந்தச் சுழிக்குள் மாட்டி, திறந்த கதவு வழியாகப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயந்திரம் துணி எடுக்க ஏறுகிறவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள். கீழே சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது வீட்டுக்குள் வந்தாக வேண்டும்; திறந்திருந்த வழி படிக்கட்டு. நாற்றம் குளியலறையில் இல்லாமல் அடுப்படியில் அடித்ததற்கு இதுதான் காரணம். ஃபேனை அணைத்துப் பார்த்தோம், குறைந்தது. கதவைச் சாத்திப் பார்த்தோம், நின்றது.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. கீழ்வீட்டுக் குளியலறை இருப்பது வடக்கில். குழாய் வெளிவரும் இடம் தெற்கே படி ஓரத்தில். நடுவில் எங்கோ குழாய் படுத்திருக்க வேண்டும். மேல்வீட்டு நடையில் சுவர் ஓரமாகத் தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் பொக்கென்று ஒலித்தது. கீழ்வீடு மட்டும் இருந்த காலத்தில் கூரையைத் துளைத்து ஏறிய குழாய் அது. மேலே படுக்கையறை வந்ததும் எல்போ போட்டுச் சுவரோரமாக இழுத்து மேலே பூசிவிட்டிருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நடுவில் தொய்வு. தொட்டியிலிருந்து வரும் வாயு ஈரமானது. மார்கழி தை இரவுகளில் குழாய்க்குள் அது நீராகப் படிந்து, தொய்ந்த இடத்தில் தேங்கும். தேங்கிய நீரே அடைப்பாகிவிடும். ஏர் பைப்பில் கிடைமட்ட ஓட்டம் கூடாது, தவிர்க்க முடியாமல் போனால் நீர் வழிந்து தொட்டிக்கே திரும்பும்படி சாய்வு வேண்டும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அடித்துச் சொல்லுவார்.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஏர் பைப் ஏன் இப்படிக் கண்ட இடத்தில் முளைக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் மண் ஆழமில்லாதது. சில அடியிலேயே பாறை. கம்ப்ரஷர் வைத்து உடைத்துத்தான் பல இடங்களில் செப்டிக் டேங்க் குழி எடுக்கிறோம். மனையடி சொல்லும் இடம் ஒன்று, பாறை விடும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தொட்டிக்கு ஓர் இடம் அமைந்தாலே மேஸ்திரிக்கு நிம்மதி. அதற்குப் பிறகு ஏர் பைப்பை யாரும் நினைப்பதில்லை. வரைபடத்தில் அது இருக்காது. புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறித்த பிறகு, மிச்சம் கிடக்கும் துண்டுக் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரம். மேல்வீடு எழுப்பும்போது நிலைமை இன்னும் மோசம்: பழைய கூரைக்கு மேல் நின்ற வாய், புது ஜன்னலுக்கு நேராக வந்துவிடுகிறது. சேலத்தில் அம்மாபேட்டை, குகை போன்ற நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒருவர் மாடி கட்டினால் பக்கத்து வீட்டு ஏர் பைப் அவர் படுக்கையறைக்குள் மூச்சு விடும். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமான பிறகு சுவரில் இறங்கும் குழாய்களின் எண்ணிக்கை கூடியது. மழைநீர்க் குழாயையே ஏர் பைப்போடு இணைத்துவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பெருமழையில் மாடித் தண்ணீர் முழுக்க செப்டிக் டேங்கில் இறங்கி, கரையாத கழிவையெல்லாம் வெளியே தள்ளிவிடும்.

ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி செப்டிக் டேங்குக்கென்றே இருக்கிறது. அதில் ஏர் பைப்பின் விட்டம் குறைந்தது 50 மில்லிமீட்டர். தொட்டி வீட்டை ஒட்டி இருந்தால் வாய் கட்டடத்தின் தலைக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும். கொசு நுழையாத வலை வேண்டும். இது நான் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்வது. கிராமங்களில் கட்டும் இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு மட்டும் ஏர் பைப் வேண்டியதில்லை. அதில் வாயு சுற்றியுள்ள மண்ணிலேயே இறங்கிவிடும்.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு. ஜிம்பாப்வேயில் பிளேர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பீட்டர் மார்கன் 1970-களில் கிராமத்துக் குழிக் கழிப்பறைக்கு நெடுங்குழாய் ஒன்றை வைத்தார். குழியின் நாற்றம் குழாய் வழியாக மேலே போனது; வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறிய ஈக்கள் தலையில் இருந்த வலையில் மாட்டின. கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகி வாயுவை இழுக்கும் என்பது ஆரம்பத்தில் இருந்த எண்ணம். அளந்து பார்த்தபோது, வாயின் மேல் கடந்து போகும் காற்றுதான் முக்கியமாக உறிஞ்சி இழுக்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் வாய் தடையில்லாத காற்றில் நிற்க வேண்டும். சுவருக்குப் பின்னால் பதுங்கிய குழாய் எத்தனை இஞ்ச் விட்டம் இருந்தும் பயனில்லை.

செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. ஹெட்ரூம் கதவருகே நிற்கும் குழாயைக் கைவிடுவது. வடக்குச் சுவரில் மூடிபோட்டு நிறுத்திய நாலு இஞ்ச் குழாயை மேலே ஏற்றுவது. அந்த ஒரே குழாய் கழிப்பறைக்கு மூச்சு கொடுக்கும், தொட்டியின் வாயுவையும் வெளியே விடும். ஆனால் தொட்டிக்குள் கழிவு வந்து விழும் ‘டி’ வடிவ இணைப்பின், அதாவது நுழைவு டீயின், மேல்வாய் திறந்திருந்தால்தான் வாயு அந்தக் குழாய்க்குள் ஏறும். அதைப் பார்க்கத் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டியிருந்தது.

இங்கே நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அடுத்த நொடி ஆள் விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் சாவு நிற்கவில்லை. “நம்ம பையன் ஒருத்தன் இருக்கறான், ரெண்டு நிமிசம் எறங்கிப் பாத்துருவான்” என்று அந்த வீட்டிலும் ஒரு உறவினர் சொன்னார். இறங்கினால் நான் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, பக்கத்தில் பீடி, தீப்பெட்டி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு கம்பில் கண்ணாடியைக் கட்டி உள்ளே நீட்டி, தள்ளி நின்று டார்ச் வெளிச்சத்தை அதில் அடித்துப் பார்த்தோம். டீயின் மேல்வாய் திறந்திருந்தது. கழிவின் மேல் படிந்த ஆடையும் அதை எட்டவில்லை. மூடியைப் போட்டு இடுக்கை அடைத்தோம்.

இந்த வேலைக்குப் போடும் எஸ்.டபிள்யூ.ஆர். என்ற பி.வி.சி. குழாயில் மெல்லியது ஏ வகை, காற்றுக்கும் மழைநீருக்கும். கனமானது பி வகை, கழிவுக்கு. மாடிக்கு மேல் தனியாக ஆடிக் காற்றை வாங்கப் போகும் குழாய்க்கு நான் பி வகைதான் போடுவேன். கீழ்க் குழாயின் தலையில் இருந்த மூடியை அறுத்தெடுத்து, ரப்பர் வளையம் உள்ள இணைப்பைப் பொருத்தினேன். இந்த ஊர் வெயிலில் அந்த வளையம் கட்டாயம். விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் 3 மீட்டர் பி.வி.சி. குழாய் ஆறேழு மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். எல்லா மூட்டையும் சொல்யூஷன் போட்டு ஒட்டி, கிளாம்பையும் இறுக்கிவிட்டால் எங்காவது ஒரு மூட்டு வெடிக்கும். குழாயை வளையத்துக்குள் முழுக்க நுழைத்து, குறி போட்டு, ஒரு விரல்கடை வெளியே இழுத்துவிட வேண்டும். கிளாம்பில் ஒன்று மட்டும் இறுக்கம். மற்றவை குழாய் நழுவும் அளவுக்கு.

உயரம் பற்றி வீட்டுக்காரரோடு பேச்சு நீண்டது. கைப்பிடிச் சுவருக்கு மேல் ஓரடி போதும் என்றார் அவர். வீட்டு முகப்பு அழகு கெடும் என்பது அவர் கவலை. பக்கத்து வீட்டு ஜன்னலைக் காட்டினேன். கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பும்போது ஹெட்ரூம் கதவுக்கே மறுபடி வரும் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, “செரிங்ணா, ஹெட்ரூம் மட்டத்தையே தாண்டிப் போகட்டும், தாங்கறதுக்கு நான் பண்ணித் தாரேன்” என்றார். பட்டறையிலிருந்து இரும்பு ஆங்கிளை வெட்டி, பற்றவைத்து, துரு பிடிக்காத பெயிண்ட் அடித்து, கைப்பிடிச் சுவரில் பொருத்த இரண்டு தாங்கிகள் கொண்டுவந்தார். நான் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக் கிளாம்பைவிட அது எவ்வளவோ உறுதி. லாரி பாடி கட்டுகிறவருக்கு அதிர்வு என்ன செய்யும் என்று தெரியும். குழாய்க்கும் இரும்புக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பரை அவரே சுற்றிவிட்டார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நிமிர்த்தினோம்.

பழைய குழாயைக் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரைக்கு அடியில் அறுத்து மூடினேன். நடையில் படுத்திருந்த துண்டையும் எடுத்துவிட்டோம். பிறகு மாடித் தளத்தில் இருந்த ஓட்டை. குழாய் மாற்றுவது அரை வேலைதான். ஓட்டையை ஒழுங்காக அடைக்காவிட்டால் அடுத்த ஐப்பசியில் படி ஓரச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிடும். சுற்றியிருந்த தட்டோட்டையும் அதன் கீழ் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் ஒரு சதுரமாக வெட்டி எடுத்தேன். கான்கிரீட்டின் ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நீர் தெளித்து, சிமெண்ட் பால் பூசி, கீழே பலகை முட்டுக் கொடுத்து, சிறு ஜல்லிக் கலவையை இரண்டு தட்டாகக் குத்தி நிரப்பினேன். நாலு நாள் ஈரம் காயாமல் சாக்கு போட்டுக் காத்து, பிறகு அதைச் சுற்றி மண்ணால் பாத்தி கட்டி ஒரு பகல் ஒரு இரவு தண்ணீர் நிறுத்தினோம். மாமியார் அடிக்கடி கீழே போய்க் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து “காஞ்சுதான் இருக்குது தம்பி” என்றார். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும்.

புதுக் குழாயின் தலையில் கவுல் வைத்து, அதற்குள் துருப்பிடிக்காத எஃகு வலை. நைலான் வலையை வெயில் சீக்கிரம் தின்றுவிடும். வலையில்லாத ஏர் பைப் க்யூலெக்ஸ் கொசுவுக்கு வாசல். யானைக்கால் நோயைப் பரப்பும் அந்தக் கொசு அழுக்கு நீரில்தான் பெருகும். அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து திணிப்பதும் வலையிருந்தால் நிற்கும்.

மேல்மாடியில் ஃபிளஷ் செய்து பார்த்தோம். நஹானி டிராப்பில் தண்ணீர் லேசாக ஆடியது, இறங்கவில்லை, சத்தமும் இல்லை. அன்று சாயந்திரம் ஃபேனை ஓடவிட்டு, ஹெட்ரூம் கதவையும் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்றோம். தாளிக்கும் வாசனைதான் இருந்தது. ஆனாலும் ஒரு காற்றில் பார்த்தது போதாது. கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது மறுபடி போய் அதே நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். புது வாய்க்கு மேலே நாடா தென்மேற்கு நோக்கி, ஹெட்ரூம் தலைக்கு மேலாக, தடையில்லாமல் பறந்தது. கதவுப் பக்கம் எதுவும் இறங்கவில்லை.

அப்போது அந்த இரும்புத் தாங்கியில் யாரோ துணி உலர்த்த நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ஈரப் போர்வை ஒன்று ஆடிக் காற்றில் அந்தக் கயிற்றை இழுத்தால் சுவரோடு தாங்கி பிடுங்கிக்கொண்டு வரும் என்று சொன்னேன். கொடிக்கு எதிர்ப்பக்கச் சுவரில் தனியாக இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தேன். வருஷா வருஷம் வைகாசி முடிவதற்குள் வலையில் சிலந்திக்கூடும் தூசியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிடச் சொல்லி, கவுலைத் திருகிக் கழற்றும் விதத்தை அந்த அம்மாவின் கையாலேயே செய்யவைத்துக் காட்டிவிட்டு வந்தேன்.